சிவிலா, மெக்கானிக்கலா? கரிசலிலிருந்து ஒரு கணக்கு

பிளஸ் டூ முடிவுகள் வெளியாகும் மே மாதத்தில், குளத்தூர், சூரங்குடி, புதூர், நாகலாபுரம் என்று விளாத்திகுளம் வட்டாரத்தில் எந்த ஊருக்குப் போனாலும் ஒரே கேள்விதான் காத்திருக்கிறது. "ஏன் அண்ணாச்சி, பயலுக்குக் கம்ப்யூட்டர் கிடைக்காதுன்னுதான் தோணுது. சிவில் போடவா, மெக்கானிக்கல் போடவா? எதுல சம்பளம் கூட?" கேட்பவர் பெரும்பாலும் மானாவாரி நிலத்தில் உளுந்தும் மிளகாயும் மக்காச்சோளமும் போட்டு, ஐப்பசி மழையை நம்பி உட்கார்ந்திருப்பவர். மழை பொய்த்தால் என்ன நேரும் என்று அவருக்குத் தெரியும். மகன் படிக்கும் படிப்பு பொய்த்தால் என்ன நேரும் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. ஆகையால் கேட்கிறார்.

இலக்கியம் பேசுகிறவர்களுக்கு இக்கேள்வியில் என்ன வேலை என்று சில நண்பர்கள் வியக்கலாம். கரிசல் மண்ணைப் பற்றி நாம் வாசித்தவை ஏராளம். இடைசெவலிலிருந்து கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் எழுதினார்கள். பூமணி எழுதினார். உருளைக்குடியின் சோ. தருமன் ஒரு கண்மாயை மையமாக வைத்து எழுதிய 'சூல்' நாவலுக்கு 2019இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. பருத்திக்காடும் கண்மாயும் தீப்பெட்டி ஆபீசும் பம்புசெட்டும் நம் எழுத்தில் உண்டு. ஆனால் அந்தக் காடுகளை விற்றோ அடகு வைத்தோ பி.இ. படித்துவிட்டு, மூன்று ஆண்டுகளாகத் திருநெல்வேலிப் பயிற்சி மையங்களில் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருக்கும் தலைமுறை நம் கதைகளில் அநேகமாக இல்லை. அந்தத் தலைமுறையைப் புரிந்துகொள்ள, அது எந்தக் கணக்கைப் போட்டு அங்கே போய்ச் சேர்ந்தது என்பதையாவது நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

தொடக்கச் சம்பளத்தை முதலில் பார்த்துவிடுவோம். அதில் பேசுவதற்கு அதிகமில்லை. சாதாரணத் தனியார் கல்லூரியில் சிவில் முடித்தவர் மதுரையிலோ கோயம்புத்தூரிலோ ஒரு கட்டுமான நிறுவனத்தில் சைட் என்ஜினியராகச் சேர்ந்தால் பன்னிரண்டாயிரம், பதினைந்தாயிரம் என்றுதான் தொடங்குகிறது. மெக்கானிக்கல் முடித்தவர் ஒசூரிலோ திருப்பெரும்புதூரிலோ உதிரிபாகத் தொழிற்சாலையில் பயிற்சியாளராகச் சேர்ந்தால் அதைவிட இரண்டு மூன்றாயிரம் கூடுதலாக வரலாம். கேன்டீனும் கம்பெனி பஸ்ஸும் உண்டு. ஆனால் அறை வாடகை அந்தக் கூடுதலைத் தின்றுவிடும். தொழிற்பழகுநராக மட்டும் சேர்ந்தவருக்கு, 2019இல் திருத்திய விதிகள் பட்டதாரிக்கு மாதம் 9,000 ரூபாயும் டிப்ளமோ முடித்தவருக்கு 8,000 ரூபாயும் குறைந்தபட்ச உதவித்தொகையாக வைத்தன. இதே காலத்தில் அந்த சைட்டில் கரண்டி பிடிக்கும் கொத்தனாரின் நாள் கூலி ஆயிரம் ரூபாயை ஒட்டி நிற்கிறது. தன் கீழ் வேலை செய்யும் கொத்தனார் தன்னைவிட அதிகம் வாங்குகிறார் என்பதை அறிந்த இளைஞன் முதல் ஆண்டிலேயே மனம் சோர்ந்துபோகிறான். கொத்தனார் அதிகம் வாங்குவதில் நமக்கு எந்த வருத்தமும் இல்லை. நாற்பது வயதுக்குள் முதுகு போய்விடும் வேலை அது. ஆண்டுக்கு ஐம்பதாயிரம், ஐம்பத்தையாயிரம் என்று 2017இல் நிர்ணயமான கலந்தாய்வுக் கட்டணத்தைக் கட்டி, விடுதிக்கும் பேருந்துக்கும் தனியாகக் கொடுத்து, நான்கு ஆண்டுகள் படித்தவன் ஏன் அதைவிடக் குறைவாக வாங்குகிறான் என்பதுதான் கேள்வி.

ஆகவே தொடக்கச் சம்பளத்தை வைத்து இரண்டில் ஒன்றைத் தேர்வது வீண் வேலை. வேறுபாடு வேறிடத்தில் இருக்கிறது. அதைப் பார்க்க நம் ஊரிலேயே ஒரு நல்ல உதாரணம் நிற்கிறது.

கயத்தாறு தொடங்கி கோவில்பட்டிக்கு அப்பால் வரை கரிசல் காடுகளில் நிற்கும் காற்றாலைகளை எல்லோரும் பார்த்திருப்போம். ஒரு காற்றாலை எழும்போது முதலில் வருபவர் சிவில்காரர். கரிசல் மண் சாதாரண மண் அன்று. மழை பெய்தால் பொங்கி விரியும், கோடையில் கால் நுழையும் அகலத்துக்கு வெடிக்கும். அதற்குள் இருக்கும் களிமண் தாது நீரை உறிஞ்சி ஊதுவதும் காய்ந்து சுருங்குவதுமே காரணம். அடித்தளத்தை மேலோட்டமாகப் போட்டால் சுவர் மூலைக்கு மூலை கோடு விடும். நம் ஊர் வீடுகளில் ஜன்னலுக்கு மேலே சாய்வாக ஓடும் வெடிப்புகளின் கதை இதுதான். இதற்காகவே ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 1950களில் அடியில் குமிழ் போல விரியும் தூண் அடித்தளத்தை உருவாக்கியது. ஈரமும் உலர்வும் தொடாத ஆழத்துக்கு, ஏறக்குறைய மூன்றரை மீட்டர் கீழே, துளையிட்டு, அடிப்பகுதியை அகலப்படுத்திக் கான்கிரீட் நிரப்புவார்கள். மண் மேலே எவ்வளவு ஆடினாலும் தூண் அசையாது. வீட்டுக்கு அந்தக் கணக்கு. காற்றாலைக்கோ இன்னும் பெரிய கணக்கு. சிவில்காரர் மண்ணைச் சோதித்து, கம்பி கட்டி, கான்கிரீட் ஊற்றி, சில வாரங்களில் போய்விடுகிறார். அடுத்த காற்றாலை எங்கே எழுகிறதோ அங்கே அவருக்கு வேலை. அது குஜராத்தாகவும் இருக்கலாம்.

அவர் போன பிறகு மெக்கானிக்கல்காரர் வருகிறார். பல்சக்கரப் பெட்டி, தாங்கிகள், இறக்கையின் கோணத்தைத் திருப்பும் ஏற்பாடு என்று இருபது, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு அந்த இயந்திரத்தோடு யாரோ ஒருவர் இருந்தாக வேண்டும். வைகாசி தொடங்கி ஆவணி வரை காற்றுக் காலத்தில் ஒரு நாள் நின்றாலும் நட்டம். இந்த வேலை இங்கேயே இருக்கும். மாதச் சம்பளம், ஷிப்ட், ஊருக்கு மோட்டார் சைக்கிளில் போய்வரும் தூரம். ஆனால் காற்றாலை அவருடையது அன்று. எண்பது மீட்டர் உயரத்தில் ஏறி வேலை பார்ப்பவருக்குக் கிடைக்கும் சம்பளத்தைப் பராமரிப்பு ஒப்பந்தம் எடுத்த நிறுவனம் நிர்ணயிக்கிறது. பத்து ஆண்டுகளுக்குப் பிறகும் அவர் அங்கே அதே வேலையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

இரண்டு துறைகளின் குணமும் இதில் அடங்கியிருக்கிறது. சிவில் வேலைக்கு நிலையான இடம் கிடையாது. ஆனால் சொந்தமாகத் தொழில் தொடங்கப் பெரிய முதல் வேண்டியதில்லை. ஐந்தாறு ஆண்டுகள் சைட்டில் அலைந்தவன் விளாத்திகுளத்தில் ஒரு சிறு அறையை வாடகைக்குப் பிடித்து, ஒரு கணினியும் வரைபடம் எடுக்கும் பிரின்டரும் வைத்து, 'பில்டிங் பிளான், எஸ்டிமேட், வேல்யூவேஷன்' என்று பலகை தொங்கவிடலாம். 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் பதிவுபெற்ற பொறியாளர் என்ற தகுதியை வகுத்திருக்கின்றன. 2024 ஜூலையில் வந்த சுயசான்றுத் திட்டத்தில் 2,500 சதுர அடி மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுவோர் இணையவழியிலேயே உடனடி அனுமதி பெறலாம் என்றானது. அலுவலகத்துக்கு நடக்க வைத்துச் சம்பாதித்தவர்களுக்கு அதனால் நட்டமாக இருக்கலாம். ஒழுங்காக வரைந்து கொடுப்பவருக்கு வேலை இருக்கிறது. அதே ஆண்டு தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் என்று ஊராட்சிதோறும் கான்கிரீட் வீடுகள் எழுகின்றன. சிறு ஒப்பந்தங்களுக்கு ஊரிலேயே இடமுண்டு. பத்து ஆண்டுகளில் சைட் என்ஜினியராக இருந்தவன் ஒப்பந்தக்காரனாவதும், நல்ல சம்பாத்தியம் காண்பதும், ஒரே ஒரு பில் தேங்கியதில் கடனாளியாவதும் நாம் கண்கூடாகக் காண்பவை.

மெக்கானிக்கல்காரன் அப்படிப் பலகை தொங்கவிட முடியாது. லேத்து ஒன்று வாங்கவே லட்சங்கள் வேண்டும். ஆகையால் அவன் வாழ்க்கை வேறொருவரின் முதலீட்டோடு கட்டுண்டிருக்கிறது. தொழிற்சாலை நன்றாக ஓடும் காலத்தில் அது சுகமான கட்டு. மருத்துவக் காப்பீடு, வருங்கால வைப்புநிதி, ஆண்டுக்கொரு உயர்வு. தொழிற்சாலை நின்றால்? மறைமலைநகரில் போர்டு தன் கார் உற்பத்தியை நிறுத்தப்போவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தபோது, கால் நூற்றாண்டு வேலை பார்த்தவர்கள் நாற்பத்தைந்து வயதில் சுயவிவரம் எழுதப் பழகினார்கள். நமக்கு இன்னும் அருகே, 2018 மே மாதத்தில் துப்பாக்கிச் சூட்டில் பதின்மூன்று உயிர்கள் போன பிறகு தூத்துக்குடியின் ஸ்டெர்லைட் ஆலை மூடப்பட்டது. அது மூடப்பட்டதன் நியாயம் வேறு; அதில் நமக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் அங்கே பிட்டராகவும் மேற்பார்வையாளராகவும் இருந்தவர்களின் நிலை, மெக்கானிக்கல் படிப்பின் கணக்கில் சேர்க்க வேண்டிய ஒன்று.

சிவிலுக்கும் இப்படிப்பட்ட காலங்கள் உண்டு, அவை வேறு விதமாக வரும். 2008இல் துபாய் சரிந்தபோது திரும்பி வந்தவர்களைப் பலரும் மறந்திருக்கலாம். 2016 நவம்பரில் பணமதிப்பு நீக்கம், அடுத்த ஜூலையில் ஜி.எஸ்.டி., அதோடு ஆற்று மணல் தட்டுப்பாடு என்று வரிசையாக வந்தபோது பாதி கட்டிய கட்டடங்கள் அப்படியே நின்றன. தொழிற்சாலை நிற்கும்போது நட்ட ஈடு என்று ஒன்றாவது பேசப்படும். பாதியில் நின்ற சைட்டின் என்ஜினியருக்கு கடைசி மூன்று மாதச் சம்பளமே பாக்கியாகிவிடும்.

அரசு வேலை என்று வந்தால் தராசு ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது. நீர்வளத் துறை, பொதுப்பணித் துறை, நெடுஞ்சாலைத் துறை, ஊரக வளர்ச்சித் துறை, குடிநீர் வடிகால் வாரியம் எல்லாவற்றிலும் உதவிப் பொறியாளர் என்றால் பெரும்பாலும் சிவில்தான். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் அறிவிக்கைகளில் உதவிப் பொறியாளரின் ஊதியம் 37,700 ரூபாயிலிருந்து தொடங்குகிறது, படிகள் தனி. மத்திய அரசின் இளநிலைப் பொறியாளருக்கு ஏழாவது ஊதியக்குழுவின்படி 35,400, இந்தியப் பொறியியல் பணிக்கு 56,100. இத்தேர்வுகளில் மெக்கானிக்கலுக்கும் இடங்கள் உண்டு. ஆயினும் பணியாளர் தேர்வாணையத்தின் இளநிலைப் பொறியாளர் தேர்வில் சிவில் இடங்களின் எண்ணிக்கையோடு மெக்கானிக்கல் இடங்களை ஒப்பிட்டால் ஏக்கமே மிஞ்சும். மெக்கானிக்கல்காரருக்கு ரயில்வேயும் மின்நிலையங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் இருக்கின்றன. 1979இல் முதல் அலகு ஓடத் தொடங்கிய தூத்துக்குடி அனல்மின் நிலையம் இப்பகுதியில் ஒரு தலைமுறையையே கரை சேர்த்தது. ஆனால் அந்த மாதிரி நிரந்தர வேலைகள் ஒப்பந்தத் தொழிலாளர் முறைக்கு இடம்விட்டு நாளாயிற்று.

இங்கே வரலாற்றுக் குறிப்பு ஒன்று. சென்னையில் 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியதே பின்னாளில் கிண்டிப் பொறியியல் கல்லூரி ஆயிற்று. இயந்திரப் பொறியியல் அங்கே நூறு ஆண்டுகள் கழித்து, 1894இல்தான் வந்தது. ஆட்சி செய்தவனுக்கு முதலில் நிலத்தை அளக்க ஆள் வேண்டியிருந்தது, வாய்க்கால் வெட்ட ஆள் வேண்டியிருந்தது. இயந்திரங்களை அவன் தன் நாட்டிலிருந்தே கொண்டுவந்தான். அரசாங்கம் சிவிலுக்கும், தனியார் முதல் மெக்கானிக்கலுக்கும் எஜமான் என்ற இந்தப் பங்கீடு அன்று விழுந்த கோடு. பெருமளவுக்கு இன்னும் அழியவில்லை.

தமிழ் வாசகர்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டிய செய்தி இதற்கடுத்து வருகிறது. 2010இல் அண்ணா பல்கலைக்கழகம் பொறியியலைத் தமிழ்வழியில் கற்பிக்க முற்பட்டபோது இரண்டே பிரிவுகளைத் தேர்ந்தெடுத்தது. ஒன்று சிவில், மற்றது மெக்கானிக்கல். தேர்வு சரியானது என்றே நாம் கருதுகிறோம். ஏனெனில் இவ்விரண்டு தொழில்களும் இங்கே ஏற்கெனவே தமிழில்தான் நடக்கின்றன. தூக்குக்குண்டு, ரசமட்டம், கடைகால், முட்டு என்ற சொற்களை எந்தப் பேராசிரியரும் ஆக்கித் தரவில்லை. பட்டறையில் பிட்டர், டர்னர், லேத்து, மரை என்று பேசுகிறவர்களும் மொழியால் தடுமாறுவதில்லை. ஆனால் பாடநூல்கள் போதிய அளவில் வரவில்லை. வந்தவை 'தகைவு', 'திரிபு' என்று சரியாகவே மொழிபெயர்த்தாலும் சைட்டின் பேச்சோடு அவை கைகோக்கவில்லை. தனியார் நிறுவனங்கள் நேர்முகத்தில் ஆங்கிலத்தையே கேட்டன. ஆகவே தமிழ்வழிப் பட்டம் ஒரே ஒரு பூட்டுக்கு மட்டும் சாவியாயிற்று: அதே 2010இல் சட்டமான, அரசுப் பணியில் தமிழ்வழி பயின்றோருக்கான 20 சதவீத முன்னுரிமை. 2020இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, பள்ளியிலிருந்தே தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும் என்றானது நியாயமே. குளத்தூர் அரசுப் பள்ளியில் படித்தவனுக்கு அது சாதகம். 2023இல் சில உறுப்புக் கல்லூரிகளில் சேர்க்கை குறைவு என்று தமிழ்வழிப் பிரிவுகளை நிறுத்தும் அறிவிப்பு வந்து, எதிர்ப்பு எழுந்ததும் திரும்பப் பெறப்பட்டது. அன்று எதிர்த்து எழுதியவர்களில் எத்தனை பேர் தம் பிள்ளையை அங்கே சேர்க்க எண்ணினார்கள் என்று கேட்டால் சங்கடம்தான் விளையும். விட்டுவிடுவோம்.

இன்னொரு ஏற்பாடு உண்மையில் பெரிய மாற்றம் செய்திருக்கிறது. 2021ஆம் ஆண்டின் சட்டத்தால் அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியல் முதலான தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத ஒதுக்கீடு வந்தது. அவ்வாறு சேர்வோரின் கட்டணங்களை அரசே ஏற்கிறது. நாம் மேலே போட்ட சம்பளக் கணக்கில் கடன் என்ற ஒரு வரியை அடித்துவிட்டால் கணக்கே மாறிவிடுகிறது. பன்னிரண்டாயிரம் சம்பளத்தில் தொடங்குபவனும் வங்கிக்குக் கட்ட வேண்டியதில்லை என்றால் இரண்டு ஆண்டுகள் பொறுத்து வேலை கற்றுக்கொள்ளலாம். கடன் இருப்பவனால் பொறுக்க முடியாது. அவன் சென்னையில் உணவு விநியோகத்துக்குப் போய்விடுகிறான், அதில் கையில் உடனே காசு வருகிறது என்பதால்.

பெண்களைப் பற்றி ஒரு சொல். கரிசலில் தீப்பெட்டி ஆபீசை நடத்தியதே பெண்களின் விரல்கள்தாம். கட்டை அடுக்குவதும் பெட்டி ஒட்டுவதும் அவர்கள் வேலை. அந்த வீடுகளிலிருந்து இன்று பொறியியலுக்கு வரும் பெண்பிள்ளைகள் சிவில் முடித்து சைட்டுக்குப் போனால் கழிப்பறை கூட இருக்காது. நிறுவனங்களும் அலுவலகத்தில் வரைபடம் பார்க்கும் வேலையைத்தான் கொடுக்கின்றன. அந்த வேலைக்குச் சம்பளம் இன்னும் குறைவு. மெக்கானிக்கல் வகுப்பிலோ அறுபது பேரில் இரண்டு மூன்று பெண்கள் இருந்தால் அதிகம். ஆகவே அவர்களுக்கு அரசுத் தேர்வு ஒன்றே வழி என்ற நிலை. ஒரு பெண்பிள்ளையின் தகப்பனார் கேட்டால் நாம் தயங்காமல் சிவில் என்றே சொல்கிறோம். உதவிப் பொறியாளர் ஆகிவிட்டால் அவள் சொல்லுக்கு ஒப்பந்தக்காரர் நின்று பதில் சொல்லியாக வேண்டும்.

பையனின் தகப்பனாருக்குச் சொல்வது அத்தனை எளிதன்று. ஊரை விட்டுப் போக மனமில்லாதவன், நாலு பேரிடம் பேசத் தெரிந்தவன், வரவு செலவில் நிதானம் உள்ளவன் என்றால் சிவில். இயந்திரத்தைக் கண்டால் கழற்றிப் பார்க்கத் தோன்றும் பையன் என்றால் மெக்கானிக்கல். ஆனால் நேரே பி.இ. வேண்டாம் என்பது நம் கருத்து. கோவில்பட்டியில் 1984 முதல் நேஷனல் பொறியியல் கல்லூரியும், திருநெல்வேலியில் 1981 முதல் அரசுப் பொறியியல் கல்லூரியும் இருக்கின்றன. அத்தகைய இடங்களில் கிடைத்தால் யோசிக்க வேண்டியதில்லை. அடுத்தடுத்த வரிசைக் கல்லூரிகளில், ஓடாத லேத்தைச் சுற்றி நின்று குறிப்பேடு நிரப்பும் ஆய்வகங்களில் நான்கு ஆண்டைக் கழிப்பதைவிட, பாலிடெக்னிக்கில் மூன்று ஆண்டு படித்து, ஒரு ஆண்டு தொழிற்பழகுநராக இருந்துவிட்டு வருபவனை மேற்பார்வையாளர்கள் விரும்புகிறார்கள்.

இதில் நமக்கு ஒரு மனத்தாங்கலும் உண்டு. இப்பகுதிக்கு இரண்டு பெரிய பொறியியல் தேவைகள் இருக்கின்றன, இரண்டையும் நம் கல்லூரிகள் கண்டுகொள்வதில்லை. ஒன்று கண்மாய். மடை, மறுகால், கரை, நீர்வரத்து ஓடை ஆகியவற்றை மடைக்குடும்பரும் நீர்ப்பாய்ச்சியும் கண்ணால் அளந்து காத்த காலம் போய்விட்டது. 2017இல் குடிமராமத்து என்ற பழைய பெயரில் புதிய திட்டம் வந்தபோது ஜே.சி.பி. வந்து கரம்பையை அள்ளியது. எந்த மட்டத்தில் நிறுத்த வேண்டும் என்று சொல்ல ஆள் போதவில்லை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, மாவட்டமெங்கும் குளங்கள் உடைந்தபோது, உடைந்தவற்றில் எவை முன்பே பலவீனமாக இருந்தன என்ற பட்டியல் எந்தக் கல்லூரியின் சிவில் துறையிலாவது இருந்திருக்க வேண்டும்.

மற்றது தீப்பெட்டி. 2007 முதல் ஒரு ரூபாயாக இருந்த பெட்டி, பதினான்கு ஆண்டுகள் கழித்து 2021 டிசம்பர் முதல் தேதியில் இரண்டு ரூபாயானது. மூலப்பொருள் விலையும் லைட்டரும் சேர்ந்து நெருக்க, 2023இல் இருபது ரூபாய்க்குக் குறைந்த லைட்டர்களின் இறக்குமதியை மத்திய அரசு தடுத்தது. இந்த நெருக்கடிக்கு நடுவே கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசிப் பட்டறைகளில் பள்ளிப் படிப்பை முடிக்காத மெக்கானிக்குகள்தாம் பழைய இயந்திரங்களைப் பிரித்து, மாற்றி, ஓட வைக்கிறார்கள். அவர்களில் ஒருவரிடம் இரண்டு மாதம் நின்று வேலை கற்றதாகச் சொல்லும் மெக்கானிக்கல் பட்டதாரியை நாம் இதுவரை சந்திக்கவில்லை.

தூத்துக்குடிச் சிப்காட்டில் வின்பாஸ்ட் மின்கார் ஆலை 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. ஆண்டுக்கு 50,000 கார்கள் என்பது முதற்கட்டத் திறன். குளத்தூரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தூத்துக்குடிக்கு வந்து போகிற தூரம்தான். இந்த மே மாதம் மெக்கானிக்கலைப் பற்றிக் கேட்பவர்கள் அந்த ஆலையின் பெயரைத்தான் முதலில் சொல்லப்போகிறார்கள். மின்காரில் எஞ்சினும் கியர்பெட்டியும் பழைய வடிவில் இல்லை. மின்னணுவும் மென்பொருளும் தெரிந்த மெக்கானிக்கல்காரனையே அது கேட்கும். கல்லூரியில் பணம் கட்டுமுன் அண்ணாச்சிமார்கள் அங்கே கேட்க வேண்டியது, பாடத்திட்டத்தில் அது உண்டா, அதைக் கற்றுக்கொடுக்க ஆள் உண்டா என்பதுதான்.